கண்ணில் பூ விழுந்த இடத்தில் மை ஏற்றிக்கொள்ளலாமா? செய்துகொண்டவர்கள் யாராவது உண்டா?

இடதுகண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு வயது 27. ஆறு வயதில் வகுப்பில் முன்பெஞ்சுப் பையன் சடாரென்று திரும்பியபோது அவன் கையிலிருந்த பென்சில் முனை என் இடது கண்ணில் குத்திவிட்டது. அப்புறம் சீழ் பிடித்து, புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ஆறியபோது கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. வீட்டில் ‘பூ விழுந்துவிட்டது’ என்பார்கள். பள்ளியில் அதுவே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது.

அந்தக் கண்ணில் டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரியும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுவேன். விரல்களை எண்ண முடியாது. கருவிழி மாற்று சிகிச்சை பற்றி இரண்டு டாக்டர்களிடம் கேட்டாயிற்று. சின்ன வயதிலேயே மூளைக்கும் அந்தக் கண்ணுக்கும் பழக்கம் விட்டுப்போனதால், மாற்றினாலும் பார்வை பெரிதாகத் திரும்பாது, உடம்பு அதை ஏற்காமல் போகும் அபாயமும் சொட்டு மருந்துத் தொல்லையும்தான் மிஞ்சும் என்று இருவருமே சொன்னார்கள். அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். எனக்குப் பார்வை வேண்டாம். வெள்ளை தெரியாமல் இருந்தால் போதும்.

குழுவாகப் படம் எடுக்கும்போதெல்லாம் இடது ஓரத்துக்குப் போய் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு நிற்பேன். 20 வருடமாக இப்படித்தான். கழுத்து தானாகவே திரும்பிவிடுகிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர் ‘நேராகப் பாருங்க’ என்பார். நான் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கருவிழியில் பச்சை குத்துவது மாதிரி நிறமி ஏற்றலாம் என்று போன மாதம் ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். பாதுகாப்பானதா? பார்க்க எப்படி இருக்கும், பொம்மைக் கண் மாதிரி ஆகிவிடுமா? நாளாவட்டத்தில் வெளுக்குமா? இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடுமா? செய்துகொண்டவர்கள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

விரைவுரயில் எழுதியது:

இதற்கெதற்கு ஊசியும் கத்தியும்? கலர் லென்ஸ் ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது கதை. பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம்.

---

இடதுகண் எழுதியது:

போட்டுப் பார்த்தாயிற்று சகோ. கடையில் கிடைக்கும் சாதா கலர் லென்ஸில் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். என் தழும்பு இருப்பதே அந்த நடுவில்தான், அதனால் பழுப்பு வளையத்துக்குள் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி ஆனது. அப்புறம் நடுவில் கறுப்பு வைத்துச் செய்த லென்ஸ் வாங்கினேன். அது பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் தழும்பு மேடுபள்ளமாக இருப்பதால் லென்ஸ் ஓரிடத்தில் நிற்காது, மூன்று மணி நேரத்தில் கண் சிவந்துவிடும். ஒருநாள் அலுவலகத்தில் அது ஓரமாக நகர்ந்துவிட்டது. எதிரில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

---

பழைய மை எழுதியது:

தங்கச்சி, நான் ஒருமுறை அல்ல, இரண்டு முறை செய்துகொண்டவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 53. வலது கண். 22 வயதில் குச்சி பட்டு, பூஞ்சைப் புண் வந்து, பார்வை சுத்தமாகப் போய், கருவிழி முக்கால்வாசி வெள்ளையாகிவிட்டது. உங்களுக்கு இருக்கிற வெளிச்சம்கூட எனக்கு இல்லை. அதனால் என் கதையில் பாதிதான் உங்களுக்குப் பொருந்தும்.

முதல் தடவை 36 வயதில். பழைய முறை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். கருவிழியின் மேல்தோலை வழித்து எடுத்துவிட்டு, கறுப்பு மையை அதன்மேல் விட்டு, ஊசியைச் சாய்வாகப் பிடித்துக் குத்திக் குத்தி உள்ளே இறக்கினார்கள். வலி இல்லை. யாரோ தூரத்தில் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி ஒரு அதிர்வு மட்டும் மண்டைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் இருக்கும்.

வலி வந்தது அன்று ராத்திரி. கருவிழி மாதிரி நரம்பு நெருக்கமாக ஓடுகிற இடம் உடம்பிலேயே வேறு கிடையாதாம், அதன் தோலை உரித்துவிட்டால் என்ன ஆகும்? கண்ணுக்குள் ஒரு பிடி மணலைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. பார்வை இல்லாத கண், ஆனால் வலி மட்டும் முழுசாகத் தெரிகிறது. மேலே புண்ணை மூடிக் காக்க ஒரு பேண்டேஜ் லென்ஸ், ஆன்டிபயாடிக் சொட்டு, ஸ்டீராய்டு சொட்டு, மாத்திரை. ஐந்தாம் நாள் தோல் மூடிக்கொண்டது, வலியும் போனது.

மூன்றாவது வாரம் சிவப்பு வடிந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை இல்லை! 14 வருடம் கழித்து முதல்முறை. என் மனைவி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: ‘இப்பதாங்க நீங்க யாரைப் பார்க்கிறீங்கன்னு தெரியுது.’ அந்த ஒரு வார்த்தைக்காகவே செய்தது சரி என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான்.

இனி குறைகள்.

ஒன்று, அது சுத்தக் கறுப்பு. என் இடது கண் அடர் பழுப்பு. வீட்டுக்குள், ராத்திரி விளக்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெயிலில் வந்தால் மாட்டிக்கொள்வோம். வெயிலில் நல்ல கண்ணின் பழுப்பு பளிச்சென்று எழும்பும், நடுவில் இருக்கும் பாப்பா சுருங்கிக் கடுகளவு ஆகிவிடும். இந்தப் பக்கமோ ஒரு கறுப்பு நாணயம் அப்படியே உட்கார்ந்திருக்கும். வரைந்த பாப்பா சுருங்காது, விரியாது. அதை எந்த முறையிலும் மாற்ற முடியாது, மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

இரண்டு, வெளுத்தது. நாலாவது வருடம் ஓரம் சாம்பலடித்தது. ஆறாவது வருடம் பார்த்தால் ஈரத்துணியால் துடைத்த சிலேட் மாதிரி இருந்தது. மேலாகக் குத்தின மை கொஞ்சம் மேல்தோலோடு உதிரும், கொஞ்சத்தை உடம்பின் துப்புரவு செல்கள் தூக்கிக்கொண்டு போகும் என்று பிறகுதான் தெரிந்தது. முன்னாடியே சொல்லியிருக்கலாம். மூன்றே வரியில் ஒரு ஒப்புதல் தாள் கொடுத்தார்கள், அதில் வெளுக்கும் என்ற பேச்சே இல்லை. கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்புதான், வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இதுதான் பாடாய்ப்படுத்தியது. குத்தின இடத்தில் ஒரு பக்கம் மேல்தோல் சரியாக ஒட்டவில்லை. விடிகாலையில் கண்ணைத் திறக்கும்போது இமையோடு சேர்ந்து அந்தத் தோலும் பிய்ந்துகொண்டு வரும். பொலபொலவென்று தண்ணீர். ஆறு மாதம் தினமும் படுக்கும்முன் கண்ணில் களிம்பு, எழுந்ததும் உடனே கண்ணைத் திறக்காமல் மூடின இமைக்குள்ளேயே விழியை மெல்ல உருட்டிவிட்டு அப்புறம் திறப்பது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது தடவை 45 வயதில், வேறு இடத்தில், வேறு முறை. கருவிழியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குள்ளேயே, மேலே தோலை உரிக்காமல், ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, வளைந்த கத்தியால் அடுக்கைப் பிரித்து ஒரு பை மாதிரி செய்தார்கள். சட்டைப் பையைத் தைக்காமல் துணியின் கனத்துக்குள்ளேயே பிளந்து எடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நிறமியைச் செலுத்தினார்கள். இப்போது இந்தப் பையை லேசரால் பிரிக்கிறார்கள். என் தழும்பு கரடுமுரடாக இருந்ததால் கையால்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். இந்த முறை வலி கால்வாசிகூட இல்லை. பழுப்பில் ஒரு வளையம், நடுவில் நாலு மில்லிமீட்டர் கறுப்பு. அறை வெளிச்சத்தில் நல்ல கண்ணின் பாப்பாவை அளந்து அந்த அளவு வைத்தார். எட்டு வருடம் ஆகிறது, கீழ்ப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் லேசாக வெளுத்திருக்கிறது.

பொம்மைக் கண் மாதிரி இருக்குமா என்று கேட்டீர்கள். அதற்கு நான் கண்டுபிடித்த பதில் இது. உயிருள்ள கண்ணில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னும் பாருங்கள், அதுதான் கண்ணைக் கண்ணாகக் காட்டுகிறது. முதல் தடவைக்குப் பிறகு மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்ததால் அந்தப் புள்ளி உடைந்து சிதறித் தெரியும். அதனால்தான் நிறம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. இரண்டாவது முறை மேற்பரப்பைத் தொடவில்லை. புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. ஒரு கை நீளத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதைவிட நெருங்கி வந்தால் தெரியும், ஏனென்றால் நிஜ ஐரிஸில், அதாவது பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிற வளையத்தில், இருக்கும் நார்நாரான நெசவு இதில் கிடையாது, சாயம் பூசின மாதிரி தட்டையாக இருக்கும். அவ்வளவு கிட்டே வருகிறவர்களுக்கு நம் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும், விடுங்கள்.

---

ஸ்லிட்லேம்ப் எழுதியது:

கண் பரிசோதனைத் துறையில் 16 வருடம், அதில் பாதிக்குமேல் கருவிழிப் பிரிவில். நான் டாக்டர் அல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய மை அண்ணன் எழுதினது அப்படியே நாங்கள் நாள்தோறும் பார்ப்பது.

இது புதுசு என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற வைத்தியர் சூட்டுக்கோலால் கருவிழியைச் சுட்டு, தாமிர உப்பைக் கொண்டு தழும்பைக் கறுப்பாக்கினார் என்று கண் மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். ஊசியும் மையும் வந்தது 1869-இல், பாரிஸில் வெக்கர் என்ற கண் மருத்துவர் மூலம். அவர் பயன்படுத்தியது புகைக்கரியில் செய்த மை. ‘இந்திய மை’ என்று பெயர், உண்மையில் சீனாக்காரர்களின் சரக்கு! பின்னால் தங்கம், பிளாட்டினம் உப்புகளைக் கருவிழியில் ஊறவைத்து, அங்கேயே ரசாயன மாற்றத்தால் கறுக்க வைத்தார்கள். செய்வது சுலபம், ஆனால் அது மையைவிடச் சீக்கிரம் மங்கும். இப்போது நுண்ணிய துகளாக அரைத்த கனிம நிறமிகள் வந்துவிட்டன. ஸ்பெயினில் ஹோர்ஹே அலியோ குழுவினர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்.

இடதுகண் மேடம், உங்கள் விஷயத்தில் மை என்ன, முறை என்ன என்பதெல்லாம் அடுத்த கேள்வி. முதலில் அந்தக் கண் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி சிவக்கிறதா, வலிக்கிறதா? வலிக்கிற குருட்டுக் கண்ணுக்கு மை மருந்தல்ல. கண் அழுத்தம் பார்க்க வேண்டும். தழும்பு வழியாக உள்ளே பார்க்க முடியாது என்பதால் பி-ஸ்கேன் (கண்ணுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) எடுத்து விழித்திரை ஒட்டியிருக்கிறதா, உள்ளே கட்டி எதுவும் இல்லையே என்று பார்ப்பார்கள். வெள்ளையை மூடியபின் உள்ளே இருப்பதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாகிவிடும், அதனால் இது முன்னாடியே முடிய வேண்டும்.

அப்புறம் கருவிழியின் கனம். பென்சில் குத்தின இடம் மெலிந்திருக்கலாம். மெலிந்த இடத்தில் ஊசி ஆழமாகப் போனால் ஓட்டை, ஓட்டை வழியாக நிறமி கண்ணுக்குள் போனால் உள்ளே அழற்சி. பஞ்சுத் திரியால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உணர்ச்சி செத்த கருவிழியில் வழித்த தோல் ஆறவே ஆறாமல் இழுத்தடிக்கும். தழும்புக்குள் ரத்தக்குழாய் ஓடியிருந்தால் குத்தும்போது கசியும், மை நிற்காது. தழும்பில் சுண்ணாம்பு மாதிரி கால்சியம் படிந்திருந்தால் அதை முதலில் கரைத்து எடுக்க வேண்டும். ஹெர்பிஸ் வைரஸால் வந்த தழும்பு என்றால் தூங்குகிற பாம்பைக் குச்சியால் தொடுகிற கதை, உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன்.

இருக்கிற வெளிச்சம் போய்விடுமா என்று கேட்டீர்கள். நடுவில் கறுப்பு ஏற்றினால் அந்த வழியாக வரும் வெளிச்சம் குறையத்தான் செய்யும். நேர்மையாகச் சொன்னால் இது ஒரு கொடுக்கல் வாங்கல். ராத்திரி இடது பக்கம் வண்டி விளக்கு வருவதை அந்தக் கண்ணால் உணர்கிறீர்களா? ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்தை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், முடிவு மாறலாம். பிற்காலத்தில் கருவிழி மாற்றிக்கொள்ள மனம் வந்தால் மை அதற்குப் பெரிய தடையில்லை, மை ஏறின வட்டத்தையே வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைப்பார்கள்.

இன்னொன்று, இதைப் பலபேர் கவனிப்பதில்லை. பார்க்காத கண் நாளாவட்டத்தில் வெளிப்பக்கமாக ஒதுங்கும். உங்களுக்கு எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது?

மை ஏற்றியபின் மறக்கக் கூடாதது: கருவிழியில் தொற்று வந்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், கறுப்பின் நடுவில் அது ஆரம்பத்தில் மறைந்துபோகலாம். அதனால் சிவப்பு, வலி, பீளை மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ ஆகாது. என்ன நிறமி ஏற்றினார்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமியால் இமையில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது எரிச்சல் வந்ததுண்டு, படமும் கெடும். பின்னால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாக, மையோ இல்லையோ, உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல கண். பவர் இல்லாவிட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

---

சாம்பல்நிலா எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 24 வயது, இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது. கண்ணைச் சாம்பல் நிறமாக மாற்றிக்கொள்ள இதே சிகிச்சை செய்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, மறுநாளே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணனுக்கு இரண்டு முறை செய்தும் ஒன்றும் ஆகவில்லையே, அப்படியென்றால் பாதுகாப்புதானே?

---

பழைய மை எழுதியது:

தம்பி, எனக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், ஆவதற்கு அந்தக் கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. ஏற்கெனவே இடிந்த வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தேன். நீ குடியிருக்கிற வீட்டின் ஜன்னல் கண்ணாடிக்குப் பெயிண்ட் அடிக்கக் கேட்கிறாய்.

ஆறு மாதம் காலையில் தோல் பிய்ந்தது என்று எழுதினேனே, அது பார்க்கிற கண்ணாக இருந்திருந்தால் அந்த ஆறு மாதம் நான் வேலைக்கே போயிருக்க முடியாது.

---

ஸ்லிட்லேம்ப் எழுதியது:

சாம்பல்நிலா, அந்த வீடியோக்களில் இருப்பது மோதிர வடிவில் செய்வது. லேசரால் கருவிழிக்குள் வட்டமாக ஒரு சுரங்கம் வெட்டி, அதில் நிறமியை நிரப்பி, பாப்பாவுக்கு நேராக நடுவில் மட்டும் தெளிவாக விட்டுவிடுவார்கள். மறுநாள் சிரிக்கலாம். கேள்வி மறுநாளைப் பற்றியது அல்ல.

உங்கள் வயதில் பாப்பா இருட்டில் ஆறு, ஏழு மில்லிமீட்டர்கூட விரியும். விரிந்த பாப்பா அந்த மோதிரத்தின் உள்விளிம்பைத் தாண்டினால் ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம், கூச்சம். பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறுகலாம். அப்புறம் 50, 60 வயதில் புரை வரும். அப்போது டாக்டர் பாப்பாவை மருந்து விட்டு விரித்துப் பார்க்க வேண்டும், ஆனால் பார்க்க விடுகிற ஜன்னலின் ஓரமெல்லாம் நீங்கள் சாயம் பூசி வைத்திருக்கிறீர்கள். விழித்திரை ஓரத்தில் கிழிசல் இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் லேசரில் அடைப்பதும் அதே மாதிரி சிரமம்.

கருவிழியின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் தண்ணீர் தேங்காமல் இறைத்து வெளியேற்றித் தெளிவாக வைத்திருப்பது அவைதான். செத்தால் மறுபடி முளைக்காது. ஏற்கெனவே வெள்ளையான கருவிழிக்கு அந்தக் கவலை இல்லை, உங்களுக்கு உண்டு. அமெரிக்காவின் கண் மருத்துவ அகாடமி 2024 ஜனவரியில் இதைக் குறித்துப் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. கருவிழி மங்குவது, வடிவம் கோணுவது, உள்ளே நீர் கசிவது, நிறமிக்கு ஒவ்வாமல் அழற்சி, கிருமித் தொற்று, நிறம் திட்டுத்திட்டாகப் படிவது, பார்வை இழப்பு எல்லாம் அதில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நிறமியைக் கழுவி எடுக்கலாம் என்பார்கள். கொஞ்சம் எடுக்கலாம், முழுசாக வராது. கறுப்பைச் சாம்பலாக்குவது துணிச் சாயத்திலேயே கஷ்டம்.

ஒளிக்கூச்சத்துக்காக இதே மோதிரத்தைப் போடுகிறவர்கள் உண்டு. பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்கள், அடிபட்டு ஐரிஸ் கிழிந்தவர்கள். வெயிலில் கண் திறக்க முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். உங்களுக்கு இருப்பது ஒரு ஆசை. ஆசைக்கு லென்ஸ் இருக்கிறது, முறையாக அளவெடுத்து வாங்கி, ராத்திரி கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணின் வெள்ளைப்பகுதிக்கு நீலம், பச்சை ஏற்றுவது வேறு. அதைச் செய்பவர்கள் பச்சை குத்துகிற கலைஞர்கள், கண் மருத்துவர்கள் அல்ல. வெண்படலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஊசி தவறினால் கண்ணுக்குள்ளேயே போகும். அப்படிக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்.

---

சாம்பல்நிலா எழுதியது:

சரி. வீடியோவில் புரை பற்றி யாருமே சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன வருடம்தான் புரை ஆபரேஷன் ஆனது, கண் விரிவதற்குச் சொட்டு விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள், நான்தான் கூட இருந்தேன். யோசிக்கிறேன்.

---

இடதுகண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாலு வாரம் கழித்து வருகிறேன்.

ஸ்லிட்லேம்ப் மேடம் சொன்ன பட்டியலை அப்படியே தாளில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘யாரும்மா எழுதிக் கொடுத்தது?’ என்றார். கண் அழுத்தம் சரியாக இருக்கிறது. பி-ஸ்கேனில் விழித்திரை ஒட்டித்தான் இருக்கிறது. உணர்ச்சி இருக்கிறது, பஞ்சு பட்டதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பென்சில் குத்தின இடம் மட்டும் மெலிந்திருக்கிறது, அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற இடத்தில் பை மாதிரி பிரித்து ஏற்றலாம், மெலிந்த இடத்தின்மேல் வேண்டுமானால் மேலாகக் கொஞ்சம் குத்தலாம், அது சீக்கிரம் வெளுக்கும், மறுபடி தொட வேண்டி வரும் என்றார். வெளுக்கும் என்பதை அவராகவே சொன்னார், நான் கேட்பதற்கு முன்னாடி.

வெளிச்சத்தையும் கவனித்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் அதை நான் பயன்படுத்துவதாகவே தெரியவில்லை, இடது பக்கம் பார்க்கக் கழுத்தைத்தான் திருப்புகிறேன். அதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவுசெய்துவிட்டேன். முடிவுசெய்த அன்று ராத்திரி மட்டும் அந்தக் கண்ணுக்கு நேராக டார்ச்சை நாலைந்து தடவை போட்டுப் போட்டு அணைத்தேன், ஏன் என்று தெரியவில்லை.

எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மை ஏற்றினால் எப்படி இருக்கும் என்று காட்ட, நடுவில் கறுப்பு வைத்த லென்ஸை அரை மணி நேரம் போட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். வெள்ளை சுத்தமாக இல்லை. ஆனால் கண் வெளியே பார்க்கிறது! இத்தனை நாள் பூவையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு மாறுகண் இருப்பதே உறைக்கவில்லை. வெள்ளையாக இருக்கும்வரை அது எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது, கறுப்பானதும் பளிச்சென்று தெரிகிறது. மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான், நன்றாகவே ஒதுங்கியிருக்கிறது.

அதனால் முதலில் தசையைச் சரிசெய்து கண்ணை நேராக்குவது, ஆறி நிலைக்கு வந்தபின் மை. அடுத்த மாதம் முதல் ஆபரேஷன். தசை மறுபடி ஒதுங்கலாம், பார்வை இல்லாத கண் என்பதால் பிடித்து நிறுத்த ஆளில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை.

பழைய மை அண்ணா, ஒரே ஒரு கேள்வி. மெலிந்த இடத்தில் மேலாகக் குத்தினால் அந்த மணல் வலி எனக்கும் வருமில்லையா? முதல் ராத்திரிக்கு ஏதாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய மை எழுதியது:

வரும். ஆனால் எனக்கு முழுக் கருவிழியையும் உரித்தார்கள், உங்களுக்குச் சின்ன இடம், அந்த அளவு இருக்காது. மரத்துப்போகப் போட்ட ஊசி தெளிவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள், வலி வந்தபின் போட்டு அதைத் துரத்த முடியாது. அறையை இருட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கண்ணால் போன் பார்க்காதீர்கள், ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும். மரக்க வைக்கிற சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்டு நச்சரிக்காதீர்கள், தர மாட்டார்கள். அதை விட்டுக்கொண்டே இருந்தால் தோல் ஆறாது.

அப்புறம் ராத்திரி பேண்டேஜ் லென்ஸ் நழுவித் தலையணையில் விழுந்தால், எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசித் திரும்பப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். மறுநாள் டாக்டரிடம் வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது.